கெடு யாருக்கு?

(மண்டபம் கடற்கரைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாமல், ஆள்வோரின் அலட்சியத்துக்கு மட்டும் அஞ்சவேண்டிய நிலையிலே வாழ்ந்துகொண்டிருக்கும் மீனவத் தோழர்களே!

தமிழிலே ஒரு சொல் உண்டு: கெடு. இரண்டே எழுத்து. தவணை என்பதும் அதற்குப் பொருள். பாழாக்கு என்பதும் அதற்குப் பொருள். ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டு பொருளும் எப்படிக் குடியேறின என்பதைப் புலவர் பெருமக்கள் ஆராயட்டும். கெடு யாருக்கு விதிக்கப்படுகிறது, கெட்டுப்போவது யார் என்பதைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 என்றதும் இந்தக் கரையிலே உள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும், அது என்ன நாள் என்று. விசைப்படகுகள் கரையேற வேண்டிய நாள். ஜூன் 14 வரை, 61 நாட்கள், அவை கடலைத் தொடக்கூடாது. மீன் இனம் பெருகும் காலம், கடலுக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். 2001இல் தொடங்கியபோது 45 நாள் என்றார்கள், சரியென்றீர்கள். பிறகு 61 நாள் என்றார்கள், அதற்கும் சரியென்றீர்கள். அடுப்பிலே பூனை உறங்கியது. ஆயினும் படகு உறங்கட்டும் என்று விட்டீர்கள். கடல் காய்ந்தால் தாமும் காய்வோம் என்பது உங்களுக்கு எவரும் எடுத்துரைக்கவேண்டிய செய்தியல்ல.

அந்தக் கெடுவை ஒருவன் மீறட்டும். ஏப்ரல் 16ஆம் நாள் ஒரே ஒரு விசைப்படகு கடலிலே இறங்கட்டும். என்ன நடக்கும்? அதிகாரி வருவார், வழக்கு வரும், கிடைக்கவேண்டிய உதவித்தொகை நிற்கும். "ஐயா, குழந்தைக்குக் காய்ச்சல், கடன்காரன் வாசலிலே நிற்கிறான், பத்து நாள் தவணை கொடுங்கள்" என்று அந்தப் படகுக்காரன் கெஞ்சிப் பார்க்கட்டும். சட்டம் சட்டம்தான் என்பார்கள். சரி, சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். நான் அதை எதிர்க்க வரவில்லை.

அதே கடலைக் காப்பதற்குச் சர்க்காருக்கும் கெடு விதிக்கப்பட்டிருக்கிறது, தோழர்களே. அதை விதித்தவர்கள் நாமல்ல. சர்க்காரே உலகத்தின் முன்னால் எழுந்து நின்று, தனக்குத் தானே விதித்துக்கொண்ட கெடு அது.

2010ஆம் ஆண்டு. ஜப்பான் நாட்டிலே நாகோயா என்ற நகரிலே, 190க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பு வகிக்கும் உயிர்வள ஒப்பந்தத்தின் மாநாடு கூடியது. இந்தியாவும் அமர்ந்திருந்தது. ஐச்சி இலக்குகள் என்ற பெயரிலே இருபது இலக்குகளை அங்கே வகுத்தார்கள். ஒன்று, பவளப் பாறைகளை நெரிக்கின்ற மனிதச் செயல்களை 2015க்குள் இயன்ற அளவுக்குக் குறைப்பது. மற்றொன்று, 2020க்குள் மீன்வளத்தை வரம்பு மீறாமல் எடுக்கும் நிலையை உண்டாக்குவது. இன்னொன்று, கடற்பரப்பிலே நூற்றுக்குப் பத்துப் பங்கை 2020க்குள் பாதுகாப்பிலே கொண்டுவருவது. 2012ஆம் ஆண்டு அக்டோபரிலே இதே ஒப்பந்தத்தின் அடுத்த மாநாட்டை நம் ஐதராபாத்திலேயே கூட்டினார்கள். இந்தியப் பிரதமரே 5 கோடி டாலர் தருவதாக உறுதிமொழி அளித்தார். பந்தல் பெரிது, பதாகை பெரிது, பேச்சு அதனினும் பெரிது.

2015 வந்தது. பவளத்தின் கெடு முடிந்தது. கேட்டவர் இல்லை. 2020 வந்தது. செப்டம்பர் மாதத்திலே ஐ.நா. சார்பில் அறிக்கை வந்தது: இருபது இலக்குகளிலே முழுமையாக எட்டப்பட்டது ஒன்றுகூட இல்லை! இருபதுக்குச் சுழி! நம் வீட்டுப் பிள்ளை இருபது கணக்குக்கு ஒரு விடையும் சரியாக எழுதாமல் வந்தால், அடுத்த வகுப்புக்கு அனுப்புவார்களா? இவர்கள் போனார்கள்! 2022 டிசம்பரிலே கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குப் போனார்கள். "பத்து வேண்டாம், முப்பது எழுதிக்கொள்ளுங்கள், 2020 வேண்டாம், 2030 எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். கைதட்டல் வானைப் பிளந்தது. பத்து ரூபாய்க் கடனைத் திருப்பாதவன், முப்பது ரூபாய்க்குப் புதுப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், ஊரிலே அவனுக்கு என்ன பெயர் வைப்போம்? அங்கே அதற்குப் பெயர், உலகளாவிய பெருநோக்கு!

2024 அக்டோபரிலே கொலம்பியா நாட்டிலே மீண்டும் கூடினார்கள். கூடிய ஊரின் பெயர் காலி. நான் கேலி செய்யவில்லை, தோழர்களே, அந்த ஊரின் பெயரே அதுதான்! அங்கே இந்திய சர்க்கார் 23 இலக்குகள் கொண்ட புதிய திட்டத்தை வெளியிட்டது. பழைய கெடு என்ன ஆயிற்று, அதைத் தவறவிட்டவர் யார், தவறியதற்குக் காரணம் என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுப் புதியதை வெளியிட்டார்களா என்றால், அது மட்டும் இல்லை.

"நீ சொல்வது உலகத்தின் தோல்வி, இந்தியா தோற்கவில்லையே" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். சர்க்கார் வெளியிட்ட அறிக்கையைக் காட்டினார். 2018 டிசம்பரிலே வெளியிட்ட அறிக்கை. பாதுகாக்கப்பட்ட பரப்பிலே குறித்த அளவையும் மிஞ்சிவிட்டோம் என்று அதிலே இருக்கிறது. படித்துப் பார்த்தேன். நானும் பல நாடகங்கள் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இவ்வளவு நேர்த்தியான காட்சி மாற்றத்தை என்னால் எழுதியிருக்க முடியாது.

நாகோயாவிலே ஒப்புக்கொண்டது என்ன? நிலத்திலே நூற்றுக்குப் பதினேழு. கடலிலே நூற்றுக்குப் பத்து. தனித்தனியாக இரண்டு கணக்கு. இந்தியாவுக்குத் திரும்பி வந்து, தேசிய இலக்கு என்று எழுதும்போது என்ன செய்தார்கள்? நிலம், உள்நாட்டு நீர்நிலை, கரை, கடல் எல்லாவற்றையும் ஒரே சாக்கிலே போட்டுக் கட்டி, நாட்டின் பரப்பிலே நூற்றுக்கு இருபது என்று எழுதினார்கள். கடலுக்கென்று இருந்த பத்து காணாமற் போயிற்று! காட்டைக் கணக்குக் காட்டினார்கள், மலையைக் கணக்குக் காட்டினார்கள். மொத்தம் இருபதைத் தாண்டிவிட்டது என்று முழங்கினார்கள். பள்ளிப் பிள்ளை கணக்குப் பாடத்திலே தோற்றுவிட்டு, தமிழிலே வாங்கிய மதிப்பெண்ணையும் சேர்த்து மொத்தத்தைக் காட்டி, "அப்பா, தேறிவிட்டேன்" என்கிறானே, அந்த வித்தை இது. வாத்தியாராயிருந்தால் காதைத் திருகுவார். சர்க்காரின் காதை யார் திருகுவது?

கடலின் கணக்கைத் தனியே பார்ப்போம். இந்தியாவின் பொருளாதார உரிமைக் கடல் ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். பத்துப் பங்கு என்றால் 2 லட்சம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரிய கடற்பரப்பு. இதோ நம் கண்ணெதிரே கிடக்கும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா, 1986இல் அறிவிக்கப்பட்டது, எவ்வளவு தெரியுமா? 560 சதுர கிலோமீட்டர். பத்தாயிரத்திலே மூன்று பங்கு தேறாது! பாக் நீரிணையிலே 2022இல் அறிவித்த கடற்பசுக் காப்பகம் 448 சதுர கிலோமீட்டர். நாடெங்கும் உள்ள கடற்பூங்காக்களையெல்லாம் கூட்டினாலும் நூற்றுக்கு ஒன்றைத் தொடாது. பத்து என்று சொன்னவர்கள் ஒன்றைத் தொடவில்லை, இனி முப்பதாம்! முப்பது என்றால் 6 லட்சம் சதுர கிலோமீட்டர், நான்கு தமிழ்நாட்டுக்கும் மேல். இருப்பதோ நான்கே ஆண்டு.

இலக்கு தவறினால் ஏட்டிலே ஒரு எண் தவறுகிறது, அவ்வளவுதானே என்று எண்ணாதீர்கள். கடலின் அடியிலே என்ன தவறிப்போயிற்று என்பதை இந்த வட்டாரத்து முதியவர்கள் அறிவார்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையில் 21 தீவுகள். பள்ளிப் புத்தகத்திலே இன்றும் 21 என்றுதான் அச்சிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் 19! பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டன. சும்மா போகவில்லை. அவற்றுக்குக் காவலாக நின்ற பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும், ஆலைகளுக்கும் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். முப்பது சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பவளப்பரப்பு அப்படி அழிந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலியைப் பிடுங்கியபின் வயல் நிற்குமா? அலை வந்தது, மண் கரைந்தது, தீவு மூழ்கியது. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே சேர்த்து முழுப் பாதுகாப்பு அளித்தது எப்போது? 2001இல். பூங்கா என்று பலகை மாட்டிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து!

கடலடியிலே கல் உடைத்தவன் இந்தக் கரையின் ஏழைதான், மறுக்கவில்லை. அன்றாடக் கூலிக்கு உடைத்தான். ஆனால் காளவாய் யாருடையது, ஆலை யாருடையது, அவற்றுக்கு உரிமம் கொடுத்தது யார்? இன்றைக்கு வலையிலே ஒரு கடல் அட்டை அகப்பட்டு, அதை அவன் கரைக்குக் கொண்டுவந்தால், மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரையில் சிறை என்கிறது சட்டம். இரண்டு தீவை மூழ்கடித்ததற்கு எந்த அதிகாரிக்கு மூன்று நாள் சிறை?

இன்னொரு கதை. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசி ஒன்றை வளர்த்தால் கரைமக்கள் செல்வந்தராவார்கள் என்று சொல்லி, சர்க்கார் ஆய்வுக்கூடமும் வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்தன. நீங்கள் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர் வைத்துவிட்டீர்கள்! பாம்பன் பாலத்துக்கு வடக்கே மட்டும் வளர்க்கவேண்டும், தெற்கே பூங்காப் பக்கம் வரக்கூடாது என்று 2005இல் உத்தரவு. பாசிக்கு உத்தரவு படிக்கத் தெரியுமா? 2008இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேலே அது போர்வை போர்த்தியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மூச்சு முட்டிச் செத்தது பவளம். இதற்குப் பதில் சொன்ன அமைச்சர் யார்? ஒருவருமில்லை. 2023இல் இதே மாவட்டத்து வளமாவூரிலே கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாசி வளர்ப்பை நான் வெறுக்கவில்லை. வேலை வேண்டும் நம் பெண்களுக்கு. முந்தைய பாசி பரவியதற்குக் கணக்குச் சொல்லிவிட்டு அடுத்த கல்லை நாட்டுங்கள் என்கிறேன்.

பாசி என்றதும், இந்தக் கூட்டத்தின் முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணிச்சுற்று, காலுக்கு ரப்பர்ச் செருப்பு, இடுப்பிலே பை. மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, கல்லிலே கையைக் கிழித்துக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டும், பிடித்தால் அபராதம். இவர்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்திலே பன்னிரண்டு நாட்கள் மட்டுமே எடுப்பது என்று முடிவு கட்டினார்கள். மற்ற நாட்களிலே பாசி வளரட்டும் என்று விட்டார்கள். நாகோயா எங்கே இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியாது. இலக்கு என்ற சொல்லையும் இவர்கள் கையாண்டதில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களோ காற்றிலே விட்டார்கள்!

இந்த இடத்திலே, நம் தோழர்களில் சிலர் மனத்திலே எழும் கேள்வியை நானே எழுப்பிவிடுகிறேன். "கடற்பாதுகாப்பு, கடற்பாதுகாப்பு என்று பேசுகிறாயே, பத்து முப்பதானால் மீனவனை விரட்டுவதும் மூன்று மடங்காகாதா? இது நம் மக்களுக்கு எதிரான பேச்சு ஆகாதா?" என்று.

நல்ல கேள்வி. மேலோட்டமான பதில் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. ஆம், அந்த ஆபத்து மெய்யானது. இலக்கை எட்டவேண்டிய நெருக்கடி வரும்போது அதிகாரி என்ன செய்வார்? ஆலைக் கழிவைத் தடுப்பது கடினம். ஆலைக்கு வக்கீல் உண்டு. துறைமுகத்தை நிறுத்துவது கடினம். துறைமுகத்துக்கு டில்லி உண்டு. பாசி எடுக்கும் பெண்ணைத் தடுப்பது எளிது. ஒரு கயிறு, ஒரு பலகை, ஒரு காவலர் போதும். வரைபடத்திலே பச்சை வண்ணம் தீட்டிவிடலாம். பரப்பு ஏறிவிடும், பவளம் ஏறாது! ஆகவேதான், சர்க்காரிடம் கணக்குக் கேட்கும் வேலையை நாம் செய்யவேண்டும் என்கிறேன். நாம் கேட்காவிட்டால், கேட்பவர்கள் வேறு யாரோ. அவர்களுக்குக் கடற்பசுவைத் தெரியும், கடலோர மக்களைத் தெரியாது. பாக் நீரிணையிலே வலையிலே சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து விடுவித்தவர்கள் மீனவர்கள். அறுந்த வலை அவர்களுடையது. அவர்களைப் பங்காளியாக வைத்துக் காப்பதா, பகையாளியாக வைத்துக் காப்பதா என்பதைத் தீர்மானிக்கும் மேசையிலே நமக்கு நாற்காலி வேண்டும்.

"வெப்பம் ஏறிப் பவளம் வெளுக்கிறது, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப வெளுத்தது, அதற்குச் சர்க்கார் என்ன செய்யும்" என்பாரும் உண்டு. உண்மைதான். உலகமே சேர்ந்து ஏற்றிய சூடு அது. ஆனால், காய்ச்சலில் கிடப்பவனுடைய வாயிலே கழிவுநீரை ஊற்றிவிட்டு, "காய்ச்சலால் செத்தான்" என்று மருத்துவன் எழுதலாமா? சூட்டைத் தணிக்க முடியாதபோது சாக்கடையையாவது தடுக்கலாம் அல்லவா? மேலும், இலக்கு தவறியதற்கு வெப்பமே காரணமென்றால் அதையே எழுந்து சொல்லட்டும், எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லட்டும். அதையும் சொல்லவில்லையே!

யார் சொல்வது என்பதிலே ஒரு பந்தாட்டம் நடக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைல் மாநிலத்தின் மீன்வளத் துறைக்கு. அதற்கு அப்பால் மத்திய சர்க்காருக்கு. தீவு வனத்துறைக்கு. கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. வெளிநாட்டு மாநாடு டில்லி அமைச்சகத்துக்கு. மீனுக்கு இந்த எல்லைகள் தெரிவதில்லை. அதிகாரிகளுக்கோ இந்த எல்லைகள் மட்டுமே தெரிகின்றன. மத்தியைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டும். மாநிலத்தைக் கேட்டால் மத்தியைக் காட்டும். இருவரையும் சேர்த்துக் கேட்டால் கடலைக் காட்டுவார்கள்!

இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையர் கடலோரச் சூழலைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். 2022 ஆகஸ்டிலே நாடாளுமன்றத்திலே வைக்கப்பட்டது. கரையைக் காக்கவேண்டிய தேசிய ஆணையம் நிரந்தர அமைப்பாகவே ஆக்கப்படவில்லை, அவ்வப்போது கூட்டுகிறார்கள், அவ்வப்போது கலைகிறது என்றது அந்த அறிக்கை. மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காப்பதற்குத் தமிழ்நாட்டிலே வழித்திட்டம் வகுக்கப்படவில்லை என்றும் சொன்னது. அது தணிக்கை செய்தது 2015 முதல் 2020 வரையிலான ஆண்டுகளை. "அப்போது ஆண்டது யார்?" என்று உடனே கேட்பீர்கள், எனக்குத் தெரியும். கேளுங்கள், தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டு நிம்மதியாக உறங்கிவிடாதீர்கள். 1986 முதல் இன்றுவரை கோட்டையிலே மாறி மாறி அமர்ந்தவர்கள் எவரும் இந்தக் கணக்கிலிருந்து விலக்குப் பெற்றவரல்லர். நம் கை கறைபடியாத கையென்று காட்ட வேண்டுமானால், முதலிலே நாமே விரித்துக் காட்டவேண்டும். மாற்றான் கணக்கை மட்டும் படிப்பது பிரசாரம். நம் கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான், டில்லியைக் கேட்கும்போது நம் குரலிலே நடுக்கம் இராது.

கெடு கழிந்ததும் டில்லி செய்த முதல் காரியத்தைச் சொல்லுகிறேன். 2020 டிசம்பரோடு பத்துப் பங்குக்கான தவணை தீர்ந்தது. 2021 ஜனவரி, முதல் வாரம். பெரிய நிக்கோபார் தீவிலே கலத்தியா வளைகுடா. கடலாமைகளிலேயே பெரியதான, முதுகிலே வரி வரியாக மேடு ஓடும் பேராமை கரையேறி முட்டையிடும் கரை. 1997இல் சரணாலயம் என்று அறிவித்த இடம். அங்கே கப்பல் சரக்கு மாற்றும் பெருந்துறைமுகம் வேண்டுமாம். சரணாலய அறிவிப்பை நீக்குவதற்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் கொடுத்தது. தவணை தவறி ஒரு வாரம் ஆகவில்லை! அடுத்த சில வாரங்களுக்குள், அதே அமைச்சகம் கடலாமைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிடுகிறது. ஆமை முட்டையிடும் முக்கிய இடங்களிலே ஒன்றாக அதே கலத்தியாவை அதிலே எழுதியிருக்கிறது! ஒரு கையால் அழிக்கிறார்கள், மறு கையால் ஆவணத்திலே காக்கிறார்கள். 2022இலே துறைமுகத் திட்டத்துக்குச் சூழல் அனுமதியும் கொடுத்தார்கள். கெடு தவறினால் கேள்வி இல்லை என்று தெரிந்துவிட்ட பிறகு, இருப்பதையும் எடுத்துவிடத் துணிவு வந்துவிடுகிறது.

இந்த மன்னார்க் கடலின் முத்தைத்தான் பாண்டியர்கள் தங்கள் பெருமையாகக் கொண்டார்கள். கொற்கைத் துறையின் பெயர் கடல்கடந்து பரவியது முத்தினாலே. தூத்துக்குடியிலே பெரிய அளவிலே முத்துக்குளிப்பு நடந்தது 1961உடன் நின்றுபோயிற்று. சிலப்பதிகாரத்து வழக்கு எதிலே முடிந்தது? அரசியின் சிலம்பிலே முத்து, கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, பாண்டியன் தன் தவறை உணர்ந்தான், அரியணையிலேயே உயிர் துறந்தான். இன்றைய அமைச்சர்கள் உயிர் துறக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவர்கள் நீண்ட நாள் வாழட்டும்! ஒரு பெண் அவைக்கு வந்து கேள்வி கேட்க வாயில் திறந்திருந்தது, கேட்ட கேள்விக்கு அரசன் சான்று காட்டவேண்டியிருந்தது. அந்த அளவுக்காவது இன்று வாயில் திறக்கட்டும்.

வெள்ளைக்கார நாடு வழிகாட்டி என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனும் தோற்றது. 2020 டிசம்பர் 31க்குள் தங்கள் கடலை நல்ல நிலைக்குக் கொண்டுவருவதாக 2010இல் விதியாகவே எழுதினார்கள். 15 அளவுகோல் வைத்து அளந்தார்கள், 11இலே தவறினார்கள். நம்மைப்போலவே தோல்வி. ஆனால், அவர்களுடைய இலக்கு சட்டத்துக்குள்ளே இருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே அமைந்த ஒரு தனி அலுவலகம், அமைச்சரின் துறையைப் பார்த்து, "நீ சட்டத்தை மீறினாயா?" என்று விசாரணை தொடங்க முடிந்தது. நமக்குப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே போய் ஓர் ஆலையின் கழிவைப்பற்றி முறையிடலாம், ஒரு துறைமுகத்தின் அனுமதியை எதிர்க்கலாம். "2020இலே பத்துப் பங்கு எங்கே?" என்று கேட்க எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது? 2002ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்தும் கிடையாது, முப்பதும் கிடையாது. சர்க்கார் உலகத்துக்குச் சொன்ன சொல், தன் மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலே இல்லை.

ஆகவே நம் கோரிக்கை என்ன? கடலின் கணக்கு கடலின் கணக்காகவே இருக்கட்டும். காட்டை அதிலே கலக்காதே. 2030க்கான இலக்கைத் தேதியோடு சட்டத்திலே எழுது. அதிலே மீனவரின் உரிமையையும் எழுது. பவளம், பாசி, மீன், ஆமை, கடற்பசு ஆகியவற்றின் நிலையை அளப்பவர் அமைச்சருக்குக் கீழே சம்பளம் வாங்குபவராக இருக்கலாகாது. கரைமக்களின் பிரதிநிதிகளும் அளக்கும் குழுவிலே அமரவேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள், விசைப்படகுகள் கரையேறுகிற அதே நாளிலே, டில்லியிலே மத்திய அமைச்சரும் சென்னையிலே மாநில அமைச்சரும் எழுந்து, எட்டியது எவ்வளவு, தவறியது எவ்வளவு, தவறியது எந்தத் துறையாலே என்று அறிக்கை வைக்கவேண்டும். அவை கூடாத நாளென்றால் ஏட்டிலே வெளியிடட்டும், அவை கூடியதும் எழுந்து பதில் சொல்லட்டும். மீனவனுக்கு அறுபத்தொரு நாள் பட்டினி என்றால், அமைச்சருக்கு ஒரு நாள் வாய் திறப்பது பெரிய தண்டனையா?

இது ஒரே நாளிலே நடந்துவிடாது. "பாசிக்கும் பவளத்துக்குமா அரசியல்?" என்று நகைப்பார்கள். நகைக்கட்டும். ஐம்பது ஆண்டுக்கு முன்னே இந்தத் தீவுகளைப்பற்றி யாராவது மேடையிலே பேசியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். இன்று நீங்கள் இரவு பத்து மணிவரை அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த மாத முடிவுக்குள் மண்டபம் முதல் தூத்துக்குடி வரையிலே ஒவ்வொரு கரையூரிலும் ஒரு குறிப்பேடு திறக்கவேண்டும். எந்த ஆண்டு எந்த மீன் குறைந்தது, எந்தத் தீவின் மணல் எவ்வளவு கரைந்தது, எந்த ஓடையின் வழியே என்ன கழிவு வருகிறது என்பதை முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். சர்க்கார் அளக்கும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. பாசி எடுக்கும் தாய்மார்களிடம் முதலிலே போங்கள். கடலின் அடியை நம்மில் எவரையும்விட நன்றாகப் பார்த்தவர்கள் அவர்கள். மனுவின் படிவங்கள் மேடைக்கு இடப்பக்கம் தோழர்களிடம் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். படித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்குங்கள்.